முப்பதாவது நாற்காலி

அத்தியாயம் 11

நேற்று மாலை கடையை மூடும்போது அந்த அறையில் முப்பது நாற்காலிகள் இருந்தன. பெத்ரா மூன்று முறை எண்ணியிருந்தாள். இன்று காலை ஏழரை மணிக்குக் கதவைத் திறந்தபோது பத்தொன்பதுதான் இருந்தன.

மறுபடி எண்ணினாள். பத்தொன்பது.

சென்ற வாரம்வரை இந்தக் குடும்பத்தோடு கூட வந்தவர்களுக்கு அந்த முப்பதின் அருமை தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

பென்சில்வேனியாவில் மளிகைக் கடைக்காரர் பீர் விற்க வேண்டுமானால் அவர் மளிகைக் கடைக்காரராக இருந்தால் மட்டும் போதாது. சாப்பாட்டுக் கடைக்காரராகவும் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே தனி இடம், தனிக் கல்லா, சூடான சாப்பாடு, முப்பது பேர் உட்கார இருக்கை. யாரும் வந்து உட்கார வேண்டும் என்பதில்லை. இருக்கை இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பீரே குடிக்காதவர்களா, எழுதும்போதே குடித்துக்கொண்டிருந்தவர்களா என்பது பெத்ராவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உரிமமும் புதிதாகக் கிடைக்காது. மாவட்டத்துக்கு இத்தனை என்று கணக்கு. வைத்திருப்பவர் கைமாற்றினால்தான் உண்டு. நெடுஞ்சாலைப் பேரங்காடி அப்படி ஒன்றைப் பிடித்து, போன வருடம் பீர் விற்க ஆரம்பித்தது. பீருக்காகப் போன ஜனம் அப்படியே பாலும் ரொட்டியும் அங்கேயே வாங்கிக்கொண்டு திரும்பியது. ஹெட்லிவில் மேட்டுத் தெருவில் நாற்பத்தெட்டு வருடமாக நிற்கும் யுராச்கோ மளிகையில், இப்போது தவறிப்போய் வீட்டில் முட்டை தீர்ந்தவர்கள் மட்டும்தான் வருகிறார்கள்.

மிச்சமிருந்த ஒரே வழி வெரோனா அத்தை. அவள் கணவர் ஸ்டாஷ் மாமா நடத்திய பார், அவரோடு சேர்த்துச் செத்துப்போனது. பாரின் உரிமம் மட்டும் மாநில மதுபான வாரியத்தின் வைப்பில் அத்தை பெயரில் உயிரோடு இருக்கிறது. ஜனவரி முப்பத்தொன்றோடு அதற்கும் கெடு முடிகிறது. இன்று இருபத்தொன்று. பகல் ஒரு மணிக்கு ஆய்வாளர் வருகிறார். இன்று தவறினால் அடுத்த தேதி மார்ச்சில்தான் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

ஆக, முப்பது.

அப்பா முன்வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தார். விடிய விடியக் கொட்டிய பனி இடுப்பளவு நின்றது. நாற்காலி எங்கே என்று பெத்ரா கேட்டாள். மிலன் யுராச்கோ, கடையில் கேட்ட பொருள் இருக்கும் தட்டைக் காட்டுவதைப் போல, மண்வெட்டியால் தெருவைக் காட்டினார்.

தெருவின் இரு புறமும் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு கார் அளவுக்குப் பனி வழித்திருந்தது. வழித்த இடத்தின் நட்ட நடுவில் ஒரு நாற்காலி. மெரூன் ரெக்சின் போட்ட இரும்பு நாற்காலி. மூடிப்போன தீயணைப்புக் கூடத்தில் பெத்ரா கெஞ்சி வாங்கி, துருவைச் சுரண்டி, தானே வண்ணம் பூசிய நாற்காலி.

இந்த ஊரில் பனி வழித்தவருக்கே அந்த இடம் சொந்தம். வேலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு நாற்காலி அதற்குக் காவல். அதை நகர்த்துபவனை யாரும் அடிக்க மாட்டார்கள். அவன் காரை மறுபடியும் பனிக்குள் புதைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். பாதிரியார்கூட இன்னொருவர் நாற்காலியைத் தொட மாட்டார்.

"அஞ்சு மணிக்கே வந்து கதவைத் தட்டினாங்க கண்ணு," என்றார் அப்பா. "ஒரு நாற்காலி இருந்தா குடு மிலன்னாங்க. நம்மகிட்டதான் முப்பது இருக்கே."

நம்மகிட்டதான் முப்பது இருக்கே. பெத்ரா அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்க முயன்றாள். முடியவில்லை.

"முப்பது இருந்தாத்தான் கணக்கு. இருபத்தொம்போதுன்னா பூஜ்யம்ப்பா. இதை உங்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?"

அவர் பனியைப் பார்த்துக்கொண்டு, எண்ணிக் கொடுக்கவில்லை என்றார். ஒரு நாலைந்து போயிருக்கும் என்று நினைத்தாராம். வந்தவர்கள் யார் யார் என்று கேட்டாள். இருட்டில் கோட்டும் தொப்பியுமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள் என்றார்.

அண்டைவீட்டுச் சமையலறை நாற்காலிகளை இரவல் வாங்கிப் போட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. அந்த வழியை அடைத்தவள் அவளேதான். குடும்பத்தில் முதல் பட்டதாரி அல்லவா. விண்ணப்பத்தோடு அறையின் வரைபடம், முப்பது நாற்காலிகளின் புகைப்படம், 'அனைத்தும் ஒரே வகை' என்று அடிக்குறிப்பு, எல்லாம் சேர்த்து அனுப்பியிருந்தாள். யாரும் கேட்கவில்லை. ஒழுங்காக இருக்கட்டும் என்று அனுப்பினாள். படத்தில் உள்ளபடியே இருக்கைகள் சரிபார்க்கப்படும் என்று பதில் வந்தது.

கிட்டங்கியில் இருந்ததையெல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றினாள். பால் கூடைகள், வாழைப்பழ அட்டைப்பெட்டிகள், கால் உடைந்த இஸ்திரி மேசை, விற்காமல் தங்கிய பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம், ஆளுயர அட்டைச் சாண்டா. நாற்காலிக்குப் பதில் நாற்காலிதான் என்று வழக்கம் சொல்லவில்லை. காவலுக்கு ஏதாவது இருந்தால் போதும்.

ஆனால் வேலைக்குப் போனவர்களின் இடத்தில் கை வைத்தால் சந்தேகம் வரும். அதனால் ஒவ்வொரு கூடையிலும் ஒரு சீட்டு செருகினாள்: 'இடம் உங்களுடையது. நாற்காலி மட்டும் எங்களுடையது. யுராச்கோ மளிகை.' மூன்றாவது சீட்டு எழுதும்போதே விரல்கள் மரத்துவிட்டன. ஐந்தாவதில் பேனா உறைந்தது. மீதியைப் பென்சிலால் எழுதினாள்.

எட்டாவது நாற்காலியில் ஜோ பெட்ரிலா உட்கார்ந்தே இருந்தார். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அவருக்குக் காரே கிடையாது. மகள் வந்தாலும் வருவாள் என்று ஒவ்வொரு பனிக்கும் இடம் வழித்து வைப்பார். பெத்ரா விஷயத்தைச் சொன்னாள். அவர் தள்ளுவண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"காலேஜ் முடிச்ச பொண்ணு, பனியில நாற்காலி பொறுக்குது," என்றார். "இதுக்கு என்ன பட்டம் குடுப்பாங்க?"

"எழுந்திரிங்க ஜோ."

"பால் கூடையை வச்சா என் மகளுக்கு அவமானம். அந்தச் சாண்டாவைக் குடு."

சாண்டாவைக் கொடுத்தாள். அவர் அதன் கழுத்தில் தன் மப்ளரைச் சுற்றிவிட்டு, பீர் வந்தால் முதல் ஆறு பாட்டில் தனக்குத்தான் என்று சொல்லி எழுந்துகொண்டார். அந்த ஊரில் அன்று அவளைப் பார்த்துச் சிரித்த ஒரே மனிதர்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பத்தாவது நாற்காலியை உள்ளே போட்டாள். இருபத்தொன்பது. தெருவை மேலும் கீழுமாக இரண்டு முறை நடந்துவிட்டாள். எங்கும் மெரூன் நிறம் இல்லை.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். அடுப்படியில் அப்பா நின்றிருந்தார், நேற்றைய முட்டைக்கோஸ் சுருளைச் சூடாக்கிக்கொண்டு. அந்த அடுப்பு வெரோனா அத்தையின் பொறுப்பு. எட்டு மாதமாக ஒரு நாள் தவறாமல் ஏழு மணிக்கு வந்து பற்றவைப்பவள்.

"அத்தை எங்கேப்பா?"

பனி அதிகமல்லவா, வீட்டிலேயே இருந்திருப்பாள் என்றார். அத்தையின் வீடு எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி. இதைவிடப் பெரிய பனியில் அவள் வந்திருக்கிறாள்.

ஒரு மணிக்கு ஆய்வாளர் ஹாலோவே வந்தார். ஒல்லியான மனிதர். ஜலதோஷம் பிடித்திருந்தது. தனிக் கல்லாவைப் பார்த்தார். குளிர்பெட்டியின் பூட்டைப் பார்த்தார். அளவு நாடாவின் ஒரு முனையை அப்பாவின் கையில் கொடுத்து அறையை அளந்தார். பிறகு கோப்பிலிருந்து பெத்ராவின் புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் விரலால் தொட்டு எண்ணினார். வகுப்பில் பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் பார்ப்பதைப் போலப் பெத்ரா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தொம்போது," என்றார்.

இன்னொன்று தெருவில் இருக்கிறது என்று அப்பா சொன்னார். தெருவில் இருப்பதை எழுதத் தனக்குக் கட்டம் இல்லை என்றார் ஹாலோவே. கொடுமைக்காரர் இல்லை, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். நாலு மணிக்கு அடுத்த பனி. அதற்குமுன் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். அவர் போயாக வேண்டும்.

"சாப்பாடு சூடா வருதான்னும் நான் பாக்கணும்," என்றார் பெத்ராவிடம். "ஒரு தட்டு வைங்க. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன். தட்டு காலியாகற வரைக்கும் எண்ணிக்கையை எழுத மாட்டேன்."

பெத்ரா கோட்டைக்கூட மாட்டவில்லை. ஓடினாள்.

இப்போது எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். கார் வைத்திருப்பவர்களின் வாசல்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்திருந்தாள். அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்டாஷ் மாமாவின் லாரியை இழுத்துக்கொண்டு போய் இரண்டு வருடமாகிறது. அந்த வாசலில் இடம் வழிக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் வழித்திருந்தது. சீராக, ஓரம் வெட்டி, உப்புத் தூவி. நடுவில் மெரூன் நாற்காலி. அதன் முதுகில் வெரோனா அத்தையின் பச்சைச் சால்வை போர்த்தியிருந்ததால் தூரத்திலிருந்து நிறம் தெரிந்திருக்காது. பக்கத்தில் அத்தை நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. லிப்ஸ்டிக்.

"யாருக்கு அத்தை இந்த இடம்?"

அத்தை சுற்றி வளைக்கவில்லை. நெடுஞ்சாலைப் பேரங்காடியிலிருந்து ஒரு ஆள் ஒன்றரைக்கு வருகிறான் என்றாள். அவர்கள் பக்கத்து ஊரில் இன்னொரு கிளை திறக்கிறார்களாம். அதற்கு ஒரு உரிமம் வேண்டுமாம்.

பெத்ராவுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. ஒரு விதி. மாற்றம் முடியும் நாள்வரை, உரிமதாரர் ஒற்றை வரிக் கடிதம் எழுதினால் போதும், விண்ணப்பம் செத்துவிடும். அந்த விதியை அவளே அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறாள்.

"நம்மளையா அத்தை?" என்றாள். "நம்ம கடையையா?"

"நம்ம கடையா." அத்தை குரலை உயர்த்தவில்லை. "ஸ்டாஷைப் புதைச்சிட்டு வந்த அன்னிக்கு உங்க அப்பன் சாப்பாட்டு மேசையில உக்காந்து, இனிமே லைசென்ஸ் நம்ம கடைக்குன்னான். எல்லாரும் தலையாட்டினீங்க. நான் எங்க இருந்தேன் தெரியுமாடி? தொட்டியில தட்டு கழுவிட்டிருந்தேன்."

பெத்ரா வாயைத் திறந்தாள்.

"இரு. அவன் ஒரு முட்டாள், விடு. நீ படிச்சவ. அவ்வளவு பெரிய படிவத்தை நிரப்பின. உரிமதாரர் பேருன்னு அதுல ஒரு கட்டம் இருந்துச்சே, அதுல என் பேரை எழுதுறப்பவாவது, அத்தை, உனக்கு சம்மதமான்னு கேட்டிருக்கலாம். நீ பென்சில்ல பெருக்கல் குறி போட்டுக் குடுத்த. இங்க, இங்க, இங்கன்ன. நான் கையெழுத்துப் போட்டேன்."

உண்மை. ஒவ்வொரு பெருக்கல் குறியும் பெத்ராவுக்கு நினைவிருந்தது. கையெழுத்தானதும் அவற்றை ரப்பரால் அழித்ததும் நினைவிருந்தது. பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று கல்லூரியில் நாற்பது பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள்.

இருபத்தாறு வருடம் அந்த பாரில் வாந்தி துடைத்ததைப் பற்றி அத்தை சொன்னாள். உலகத்தில் தன் பெயரில் இருக்கும் ஒரே பொருள் அந்தக் காகிதம்தான் என்றாள். வீடுகூட ஸ்டாஷின் அண்ணன் பெயரில் இருக்கிறதாம். பேரங்காடிக்காரன் தொலைபேசியில் பேசிய முதல் வாக்கியமே, உங்கள் விருப்பம் என்ன என்பதுதானாம். பொய்யாகவே இருக்கட்டும், கேட்டான் இல்லையா என்றாள்.

எதிரே, கடையின் கண்ணாடிக்குப் பின்னால், ஹாலோவேயின் முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்குமாகப் போய்வந்தது. பாதித் தட்டு இருக்கும்.

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினால் நாலு வீட்டுத் தூரம். அத்தைக்கு மூட்டுவலி, பிடிக்க முடியாது. பெத்ராவின் கை சால்வைவரை போய்விட்டது.

அங்கேயே நின்றுவிட்டது. இடத்துக்குக் காவலாக வைத்த நாற்காலியைக் கேட்காமல் எடுப்பது இந்தத் தெருவில் யாரும் செய்யாதது. ஏற்கெனவே அத்தையிடமிருந்து கேட்காமல் எடுத்தது போதும்.

"அத்தை," என்றாள். சால்வையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "மன்னிப்புக் கேக்க எனக்கு நேரமில்ல. அதை நாளைக்குக் கேக்கறேன். இப்ப நாற்காலியைக் கேக்கறேன். லைசென்ஸை இல்ல. நாற்காலியை மட்டும். குடுப்பியா?"

அத்தை அவளைப் பார்த்தாள். சட்டையும் செருப்புமாகப் பனியில் நிற்பதை, நீலம் பாரித்த விரல்களை, விரலிடுக்கில் பென்சில் கரியை.

பிறகு சால்வையை உருவி எடுத்து, பெத்ராவின் தோளில் சுற்றி முடிச்சுப் போட்டாள். நாற்காலியின் முதுகைத் தானே பற்றித் தூக்கினாள்.

"நான் எடுத்துட்டுப் போறேன். நீ இங்க நில்லு. நான் திரும்பி வர்ற வரைக்கும் இடத்தை விட்டுடாத."

"அந்த ஆள் வந்தா?"

"வந்தா என்ன செய்யணும்னு நீயே முடிவு பண்ணு," என்றாள் அத்தை. "இத்தன நாளா எல்லாருக்கும் நீதானே முடிவு பண்ணின."

நாற்காலியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, வெரோனா தெருவைக் கடந்தாள். கடைக் கதவு திறந்து மூடியது.

பெத்ரா கார் அளவு காலி இடத்தின் நடுவில் நின்றாள்.

ஒன்றரைக்கு இரண்டு நிமிடம் முன்பாகவே சாம்பல் நிறக் கார் வந்தது. விளக்கைச் சிமிட்டி வலப்புறம் திரும்பியது. அவளைப் பார்த்ததும் நின்றது. கண்ணாடி இறங்கியது. இளம் வயது ஆள், நல்ல டை. மிகவும் மரியாதையாக, திருமதி வெரோனா தனக்காக ஒதுக்கி வைத்த இடம் இதுதானே என்று கேட்டான்.

ஆமாம் என்றாள் பெத்ரா.

கொஞ்சம் நகர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டான்.

நகர்ந்தால் கார் உள்ளே வரும். ஆள் இறங்குவான். பையிலிருந்து காகிதத்தை எடுப்பான். நகராவிட்டால் அவன் இந்த ஊரில் எங்கும் நிறுத்த முடியாது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பால் கூடை, ஒரு அட்டைப்பெட்டி, மப்ளர் கட்டிய ஒரு சாண்டா. அவளே வைத்த காவல். நாலு மணிக்குமுன் பாதையை மூடிவிடுவார்கள். அவன் திரும்பிப் போய்விடுவான். எளிது. அத்தைக்காக இன்னொரு முறை அவளே முடிவு செய்துவிடலாம்.

"அவங்க வரட்டும். வந்து சொல்லட்டும்," என்றாள் பெத்ரா.

அவன் எஞ்சினை அணைக்காமல் தெரு நடுவிலேயே காத்திருந்தான்.

கடைக் கதவு திறந்தது. முதலில் ஹாலோவே வந்தார், கோப்பைக் கக்கத்தில் இடுக்கி, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் அப்பா, ஏப்ரனோடு. மகளைத் தேடிக் கண்டுபிடித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். ஒருமுறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

முப்பது.

பெத்ரா கடையை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். உடனே பின்வாங்கி நின்றாள், இடத்தை விடக் கூடாதே.

மூன்றாவதாக வெரோனா அத்தை வந்தாள். கையில் ஒன்றுமில்லை. நாற்காலியை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணனைத் தாண்டி, ஆய்வாளரைத் தாண்டி, அவசரப்படாமல் தெருவுக்குள் இறங்கினாள். பெத்ராவின் பக்கம் வருவாள் என்று பார்த்தால், சாம்பல் நிறக் காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். கதவைத் திறந்தாள்.

"நாற்காலியைக் கேட்ட, குடுத்திட்டேன்," என்றாள், காரின் கூரைக்கு மேலாக. "இவன் என் விருப்பத்தைக் கேட்டான். இவனுக்கும் ஒரு பதில் சொல்லணும் இல்லையா."

"என்ன பதில் அத்தை?"

வெரோனா கோட்டு நுனியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவு சாத்திக்கொண்டது. நிறுத்த இடம் இனித் தேவைப்படாத கார், மேட்டுத் தெருவில் பனியை அரைத்துக்கொண்டு கீழே இறங்கியது.

அப்பாவின் கைகள் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தன. பத்து விரல்.

காலி இடத்தைப் பார்த்து, மேலிருந்து வந்த யாரோ ஒருவர் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்தார். பெத்ரா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். திரும்பி வரும்வரை என்று அத்தை சொல்லியிருந்தாள்.

அவள் நகரவில்லை.